பாய் உங்களுடையது, துபாயில் பெயர் யாருடையது?

கேள்வி: பத்தமடையில் கோரைப் பாய், கைப்பை செய்து ‘கோரைக்கிளி’ என்ற பெயரில் விற்கிறோம். துபாய் வியாபாரி ஒருவர் மொத்தமாக எடுக்க முன்வந்திருக்கிறார். எங்கள் பெயரை அங்கே தன் பேரிலேயே பதிந்துகொள்வதாகவும், செலவு தன்னுடையது என்றும் சொல்கிறார். சம்மதிக்கலாமா? பத்தமடைப் பாய்க்குத்தான் புவிசார் குறியீடு இருக்கிறதே?

பதில்: சம்மதிக்க வேண்டாம். அவர் பக்கத்து ஊர்க்காரராக இருக்கலாம், நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் வணிகக்குறி (டிரேட்மார்க்) உரிமை நாட்டுக்கு நாடு தனி. அமீரகத்தில் அவர் பேரில் பதிவானால், அங்கே உரிமையாளர் அவர்தான். நாளை விலை ஒத்துவராமல் நீங்கள் வேறொருவருக்கு அனுப்பினால், உங்கள் சரக்கையே போலி என்று அவர் தடுக்கலாம். வழக்குப் போட்டு மீட்க முயலலாம்தான். கோரையைத் தாமிரபரணியில் ஊறப்போட்டு நெய்து சேர்த்த காசு வக்கீலுக்குப் போகும்.

முதலில் இந்தியாவில் விண்ணப்பியுங்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் பொருள் வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய். பாய் 27-ஆம் வகுப்பு, கைப்பை 18. உங்களுக்கு இரண்டும் வேண்டும். அந்த விண்ணப்பத்தை வைத்தே, ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் குறியைப் பதியக் கேட்கும் சர்வதேச ஏற்பாடான மாட்ரிட் முறையில் அமீரகத்துக்கும் கேட்கலாம். 2021 டிசம்பர் முதல் அந்நாடும் அதில் இருக்கிறது. 6 மாதத்துக்குள் கேட்டால் இந்திய விண்ணப்பத் தேதியே அங்கும் முன்னுரிமைத் தேதி, அதாவது இடையில் வேறொருவர் அங்கே கேட்டாலும் முந்தியவர் நீங்கள்தான். பலர் கோட்டை விடுவது இங்கேதான். கறுப்பு வெள்ளைக் குறிக்கு அடிப்படைக் கட்டணம் 653 சுவிஸ் பிராங்க். அமீரகக் கட்டணம் தனி. அது சல்லிசும் இல்லை. இன்னொன்று, முதல் 5 ஆண்டுக்குள் இந்தியப் பதிவு விழுந்தால் அதைப் பிடித்துப் பெற்ற வெளிநாட்டுப் பதிவும் விழும். அரபியில் பெயரை எப்படி எழுதுவது என்பதையும் நீங்களே தீர்மானித்துத் தனிக் குறியாகப் பதியுங்கள். விட்டுவிட்டால் கடைக்காரர் எழுதுவதே நிலைத்துவிடும்.

புவிசார் குறியீடு ஊருக்குச் சொந்தம், உங்கள் கடைக்கு அன்று. அந்த இந்தியப் பதிவு தானாகக் கடல் தாண்டவும் செய்யாது. ‘பத்தமடை’யை நீங்கள் தனிச் சொத்தாக்க முடியாது, ‘கோரைக்கிளி’யை ஆக்கலாம்.

பொருளின் புதுத் தோற்றத்துக்கான வடிவுரிமையும் உண்டு. மணமக்கள் பெயர் நெய்த பாய் போல எல்லோரும் செய்வதற்குக் கிடைக்காது. கைப்பையில் புதிதாக ஒன்று கண்டிருந்தால், முகநூலில் படம் போடுவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

வியாபாரிக்கு விநியோக உரிமையை மட்டும் எழுதிக் கொடுங்கள். ஒப்பந்தம் முடிந்ததும் பெயரைப் பயன்படுத்தக் கூடாது, அதைத் தன் பேரில் எங்கும் பதியக் கூடாது என்ற வரிகள் அதில் இருக்கட்டும். செலவு தன்னுடையது என்றாரல்லவா? பதிவை உங்கள் பேரில் செய்துவிட்டு, அந்தச் செலவை ஏற்கச் சொல்லிப் பாருங்கள்.