பம்ப் ஸ்டேஷன் நாற்றம்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சுற்றுவட்டாரத்திலிருந்து பல பேர் ஒரே விஷயத்தை, கழிவுநீரைத் தொட்டியில் சேர்த்து மேட்டுக்குத் தள்ளும் பம்ப் ஸ்டேஷன்களின் நாற்றத்தைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். கழிவுநீர் வேலையில் ரொம்ப காலம் இருந்தவன் என்பதால் நேராகவே சொல்கிறேன். எந்த நாற்றமானாலும் முதலில் கேட்க வேண்டியது, தண்ணீர் எங்கே, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான்.

எங்கள் வீட்டுக்குக் கீழே பள்ளத்தில் பம்ப் ஸ்டேஷன் இருக்கிறது. வெயில் காலத்தைவிட ஜூன், ஜூலையில்தான் மோசம். விடிகாலையில் கதவைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை. ஆடி மாசம் கூழ் ஊற்ற உறவுக்காரர்கள் வரும்போது மானம் போகிறது. (சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அக்கா)

அக்கா, அந்த வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு. பத்து கோடி பங்கு காற்றில் ஒரு பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். கழிவுநீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்ததும், குழாய்ச் சுவரிலும் தொட்டியிலும் வழவழவென்று ஒட்டியிருக்கும் அழுக்குப் படலத்துக்குள் வாழும் பாக்டீரியா தண்ணீரில் கரைந்த சல்ஃபேட் உப்பை எடுத்துக்கொண்டு இந்த வாயுவை விடுகிறது. வெயில் காலத்தில் இது அதிகமாக உண்டாகும், ஆனால் காற்று கலைத்துவிடும். ஜூன், ஜூலை நம் ஊர்க் குளிர் காலம், மழை இல்லாததால் குழாயில் வரும் தண்ணீர் குறைவு, பம்ப் எப்போதாவதுதான் ஓடும், தொட்டியில் அப்படியே கிடந்து புளிக்கும். அதோடு இரவில் குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கி, மேலே மூடி போட்டதுபோல நின்றுவிடும். ஐந்து, ஆறு மணிக்கு ஊரே குளிக்க ஆரம்பித்ததும் தொட்டியில் நீர் மட்டம் ஏறி, உள்ளே இருந்த காற்றை வெளியே தள்ளுகிறது. நீங்கள் கதவைத் திறப்பதும் அதே நேரம்.

இதற்குச் செலவில்லாத வேலைகளே நிறைய இருக்கின்றன. பம்ப் தொடங்கும் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கினால் தண்ணீர் நிற்கும் நேரம் குறையும் (ரொம்பவும் இறக்கினால் மோட்டார் அடிக்கடி ஸ்டார்ட் ஆகிக் கெட்டுப்போகும், அளவு பார்த்துச் செய்ய வேண்டும்). உள்ளே வரும் குழாய் உயரத்திலிருந்து அருவிபோலக் கொட்டினால் வாயு தெறித்துப் பறக்கும், அதனால் அதன் வாயை நீர்மட்டத்துக்குக் கீழே இறக்க வேண்டும். மேலே மிதக்கும் கொழுப்பை வழித்தெடுத்து, சுவரைக் கழுவ வேண்டும். இதைச் செய்கிறார்களா, எத்தனை நாளைக்கு ஒரு முறை செய்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

பம்ப் ஸ்டேஷன் எங்களுக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால் மேட்டில் இருக்கும் எங்கள் தெருவில்தான் நாற்றம், ஸ்டேஷன் பக்கம் ஒன்றுமே இல்லை. வாசனை மருந்து தெளிக்கலாம் என்கிறார்கள், சரியா? (பீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி)

தம்பி, இப்படி ஏமாறாத ஆளே இல்லை, நானும் ஆரம்பத்தில் ஸ்டேஷனையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். பம்ப் தள்ளும் தண்ணீர் மூடிய குழாயில் அழுத்தத்தோடு மேடேறி, உங்கள் தெரு மேன்ஹோலில்தான் வெளியே கொட்டுகிறது. ஒரு கணக்கு பாருங்கள்: 200 மில்லிமீட்டர் விட்டக் குழாய் ஒரு கிலோமீட்டர் நீளம் என்றால் உள்ளே சுமார் 31,000 லிட்டர் நிற்கும். இரவில் மணிக்கு 5,000 லிட்டர்தான் வருகிறது என்று வையுங்கள், உள்ளே போனது வெளியே வர ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அத்தனை நேரமும் காற்றே படாது. காலையில் பம்ப் ஓடியதும் இரவு முழுக்க அழுகியது உங்கள் வாசலில் வந்து விழுகிறது. அந்த மேன்ஹோல் மூடியை நாங்கள் திறந்து பார்த்தால், நீர் தொடாத மேல்பகுதிக் கான்கிரீட்தான் ஊறிய அவல்போல உதிரும். வாயு ஈரச் சுவரில் படிந்து, அங்கிருக்கும் பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்றிவிடுகிறது. விட்டால் ஒரு நாள் ரோடே உள்வாங்கும்.

ஆகவே வாசனை மருந்து வேண்டவே வேண்டாம். அது மூக்கை மட்டும் ஏமாற்றும், கான்கிரீட்டைக் காப்பாற்றாது. மருந்து என்றால் ஸ்டேஷனிலேயே, குழாய்க்குள் போகும் முன் சேர்க்க வேண்டும். கால்சியம் நைட்ரேட் சேர்த்தால் பாக்டீரியா சல்ஃபேட்டை விட்டுவிட்டு முதலில் நைட்ரேட்டைத் தேடிப் போகும், வாயு உண்டாவதே நிற்கும். இரும்பு உப்பு சேர்த்தால் உண்டான சல்ஃபைடு கறுப்பு வண்டலாகக் கட்டிப்போகும். மெக்னீசியம் ஹைட்ராக்சைடு தண்ணீரின் காரத்தன்மையைக் கூட்டும்: பி.எச். (அமிலமா, காரமா என்று காட்டும் எண்) 7 இருக்கும்போது சல்ஃபைடில் பாதி வாயுவாகத் தப்பக் காத்திருக்கும், 9 ஆனால் நூற்றில் ஒரு பங்குதான். நீளமான குழாய்க்கு நான் நைட்ரேட்டைத்தான் முதலில் சொல்வேன், ஆனால் அளவை இரவு, பகல், பருவம் பார்த்து மாற்ற ஒரு ஆள் வேண்டும்.

காற்றைச் சுத்தம் செய்வது இன்னொரு வழி. மேன்ஹோலை இறுக்கமாக மூடி, விசிறியால் காற்றை இழுத்து, ஈர மரச்சீவல் படுக்கை வழியாக விட்டால் அதில் வளரும் பாக்டீரியாவே வாயுவைத் தின்றுவிடும். சீவல் காய்ந்தால் வேலை செய்யாது, தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். இடம் இல்லையென்றால் வாயுவை உறிஞ்சிக்கொள்ளும் கரிப் பெட்டி. அதை உரிய நேரத்தில் மாற்றாமல் விட்டால் வெறும் பெட்டிதான்.

பூஜை அறை வெள்ளி விளக்கும் பேத்தியின் கொலுசும் தேய்த்த பத்து நாளில் கறுத்துவிடுகின்றன. இது சாக்கடை வாயுவா? (மெர்பேங்கிலிருந்து ஓர் ஐயா)

இருக்கலாம் ஐயா, இந்த வாயு பட்டால் வெள்ளியும் செம்பும் கறுக்கும். ஆனால் தெற்கு டர்பனில் காகித ஆலை போல வாடைக்கு வேறு காரணங்களும் உண்டு. இரண்டு வாரம் ஒரு நோட்டில் நாற்றம் வந்த நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, பம்ப் சத்தம் கேட்டதா என்று எழுதி வையுங்கள். புகார் கொடுக்கும்போது அந்த நோட்டுக்கு இருக்கும் மதிப்பு கோபத்துக்குக் கிடையாது.

மேன்ஹோலைத் திறந்து ஜிக் (பிளீச்) ஊற்றலாமா?

கூடாது. உள்ளே ஏதாவது அமிலம் இருந்தால் குளோரின் வாயு கிளம்பும். திறப்பதே ஆபத்து. சாக்கடையில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். பத்தாயிரம் பங்கில் ஒரு பங்கு அளவுக்குப் போனால் சில நிமிஷத்தில் மூக்கு மரத்துப்போகும். ஒரு முறை என்னோடு வேலை செய்த பையன், "அண்ணா, வாடை போயிடுச்சு, இறங்கட்டுமா?" என்று ஏணியில் கால் வைத்தான். அந்த நொடி இடுப்பிலிருந்த, வாயுவை அளக்கும் மீட்டர் அலறியது, சட்டையைப் பிடித்து இழுத்தேன். இன்றைக்கும் நினைத்தால் கை நடுங்குகிறது. அதைவிட ஐந்து, ஆறு மடங்கு கூடினால் மயங்கி விழச் சில நிமிஷமே போதும், காப்பாற்ற இறங்குபவரும் அங்கேயே விழுவார். பிள்ளைகளை மூடி பக்கம் விடாதீர்கள்.

விருந்தினர் குளியலறையில் மட்டும் நாற்றம்.

யாரும் புழங்காததால் வடிகாலின் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றியிருக்கும். வாரம் ஒரு முறை ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள், போதும்.

மின்சாரம் போனால் என்ன ஆகும்? (வெருலம்)

ஜெனரேட்டர் இல்லாத இடத்தில் தொட்டி நிரம்பி, ஓடையில் வழியும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பம்ப் ஸ்டேஷன்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் சேதமாகி, கழிவுநீர் கடல்வரை போய், கடற்கரைகளை மூடியதைப் பார்த்தோமே. ஜெனரேட்டர் இருக்கிறதா என்பதோடு, கடைசியாக எப்போது ஓட்டிப் பார்த்தார்கள் என்றும் கேளுங்கள். கூரைத் தண்ணீரை வீட்டுச் சாக்கடையில் இணைத்திருந்தால் இந்த வாரமே பிரித்துவிடுங்கள், மழை நாளில் ஸ்டேஷன் நிரம்பி வழிய அதுவும் ஒரு காரணம்.

நாங்கள் வீட்டில் என்ன செய்யலாம்? (டொங்காட்)

எண்ணெய். தீபாவளி முடிந்த வாரம் ஒரு ஸ்டேஷனில் பம்ப் ஓடவில்லை என்று போனேன். நீர் மட்டம் ஏறினால் மிதந்து பம்பை ஓடவைக்கும் மிதவையைச் சுற்றி இட்லிப் பானை அளவுக்கு வெள்ளைக் கொழுப்பு கட்டியிருந்தது, கடப்பாரையால் தட்டித்தான் எடுத்தோம். அதுவரை தொட்டியில் இருந்தது அத்தனையும் அழுகிக்கொண்டு இருந்தது. முறுக்கு சுட்ட எண்ணெய் ஆறியதும் பாட்டிலில் ஊற்றி மூடிக் குப்பையில் போடுங்கள். வாணலியைக் கழுவும் முன் பழைய பேப்பரால் துடைத்துவிடுங்கள்.