தினமும் போடும் துணியை எப்படிப் பார்த்து எடுப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தினசரி உடைகள் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். வருஷம் முழுக்க உடம்பில் கிடக்கும் துணியை மட்டும் போகிற வழியில் ஒரு கடையில் ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடுகிறோம். இது தலைகீழாக மாற வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கையில்தான் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

கேள்வி: திருநெல்வேலியில் படிப்பை முடித்துவிட்டு இப்போதுதான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் போய்வருகிறேன். ஆபீசில் ஃபார்மல் உடைதான் போட வேண்டும். கையில் 6,000 ரூபாய் இருக்கிறது. விலை குறைவாக நிறைய எடுக்கலாமா, நல்லதாகக் கொஞ்சம் எடுக்கலாமா?

கொஞ்சமாக எடுங்கள், நல்லதாக எடுங்கள். இப்போதைக்கு மூன்று சட்டை, இரண்டு பேன்ட் போதும். சட்டைக்கு ஆயிரம் ரூபாய், பேன்டுக்கு ஆயிரத்து இருநூறு என்று வைத்துக்கொண்டால் 5,400 ஆகிறது. மீதி 600 ரூபாயைத் தொடாதீர்கள், அது ஆல்டரேஷனுக்கும் பனியனுக்கும். வாரத்தில் இரண்டு தடவை துவைக்க வேண்டி வரும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வர வர ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். ஐந்நூறு ரூபாய்க்குள் ஏழெட்டுச் சட்டை வாங்கினால் பீரோ நிறையும். ஆனால் நாலு மாதத்தில் காலர் குமிழ் விட்டு, அக்குள் தையல் விட்டு, எல்லாமே ஒரே சமயத்தில் பழசாகி நிற்கும்.

முதலில் துணி. காலை எட்டு மணிக் கூட்டத்தில் ரயிலில் நின்று போகிறவருக்குப் பருத்திதான் சரி. பருத்தி காற்றில் இருந்தே தன் எடையில் எட்டு சதவீதம் அளவுக்கு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. அதனால்தான் பாலியஸ்டர் கலந்த சட்டையில் வியர்வை உடம்போடு ஒட்டி நிற்கிறது, சாயங்காலம் வாடை வருகிறது. கடைகளில் 'காட்டன் மிக்ஸ்' என்று சொல்லித் தருவதில் பெரும்பாலும் பாலியஸ்டர்தான் அதிகம் இருக்கும். காலருக்குக் கீழேயோ உள்பக்கச் சைடு தையலிலோ இருக்கும் லேபிளில் சதவீதம் போட்டிருக்கும், அதைப் படித்துவிட்டு விலையைப் பாருங்கள். முழுப் பருத்தி இஸ்திரி கேட்கும் என்பது உண்மைதான். அந்தச் சிரமம் வேண்டாம் என்றால் 60 சதவீதத்துக்குக் குறையாமல் பருத்தி இருக்கும் சட்டையாக எடுங்கள். அதற்குக் கீழே சென்னை வெயிலுக்கு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அடுத்தது அளவு. ட்ரயல் ரூமில் கண்ணாடிக்கு முன்னால் விறைப்பாக நின்று பார்த்தால் எல்லாச் சட்டையும் நன்றாகத்தான் தெரியும். கையை மேலே தூக்குங்கள், ரயிலில் கம்பியைப் பிடிப்பீர்களே, அதுபோல. சட்டை முழுசாக இடுப்பை விட்டு வெளியே வந்தால் அது உங்களுக்கு ஆகாது. உட்கார்ந்து பாருங்கள். வயிற்றுப் பக்கம் பட்டன்களுக்கு நடுவே வாய் பிளந்தால் ஒரு சைஸ் கூட்டுங்கள். மேல் பட்டனைப் போட்டால் காலருக்குள் இரண்டு விரல் போக வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் தோள். தோள் எலும்பு முடிகிற இடத்தில் தோள் தையல் உட்கார வேண்டும். இடுப்பு லூசாக இருந்தால் டெய்லர் பிடித்துத் தருவார், கை நீளமாக இருந்தால் குறைப்பார். தோள் தப்பினால் பிரித்துத் தைக்கிற கூலிக்குப் பாதிச் சட்டை வாங்கிவிடலாம். அதனால் தோளுக்கு எடுங்கள், மற்றதைச் சரிசெய்துகொள்ளலாம்.

மூன்றாவது தையல். சட்டையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். சைடு தையலை இரண்டு கையாலும் மெதுவாக இழுங்கள். நடுவில் நூல் பல்லிளித்தால் வைத்துவிடுங்கள். ஓர் அங்குலத்துக்குள் பத்துத் தையலாவது விழுந்திருக்க வேண்டும். கட்டம் போட்ட சட்டை என்றால் பாக்கெட்டைப் பாருங்கள். சட்டையின் உடல் பகுதியில் இருக்கும் கோடு பாக்கெட்டுக்குள் நேராகத் தொடர்கிறதா, பட்டன் பட்டியில் இடதும் வலதும் கோடு சேர்கிறதா? அதைச் சேர்க்கத் துணி கொஞ்சம் வீணாகும், நேரமும் பிடிக்கும். அந்தச் செலவைச் செய்தவர் மற்ற இடத்திலும் ஒழுங்காகத் தைத்திருப்பார். காஜாவில் பிசிறு தொங்குகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

நிறத்துக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். சட்டையில் வெள்ளை, வெளிர் நீலம், இன்னும் ஒன்று உங்கள் விருப்பம். பேன்டில் கருநீலம் ஒன்று, சாம்பல் ஒன்று. எந்தச் சட்டையும் எந்தப் பேன்டோடும் போகும்படி அமைந்தால் மூன்றும் இரண்டும் ஆறு ஜோடி ஆகும். பெல்ட்டும் ஷூவும் ஒரே நிறமாக இருக்கட்டும்.

கேள்வி: மேடம், 850 ரூபாய் கொடுத்து ரேயான் குர்தி எடுத்தேன். சாதாரணத் தண்ணீரில்தான் துவைத்தேன். இரண்டாவது துவைப்பிலேயே நீளம் மூன்று அங்குலம் சுருங்கி, தோள் பக்கம் தையல் விட்டுவிட்டது. கடையில் கேட்டால் பில்லைக் காட்டி, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று போட்டிருக்கிறதே' என்கிறார்கள். அவ்வளவுதானா? (மதுரை வாசகி)

அவ்வளவுதான் இல்லை. பில்லில் அப்படி அச்சடித்துவிட்டால் பழுதான பொருளுக்குப் பொறுப்பு போய்விடும் என்று சட்டம் சொல்லவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம் என்னென்ன என்று ஒரு பட்டியல் இருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் அதில் ஒன்று. பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் கேட்க வேண்டும். பில் தர மறுப்பதும் அதே பட்டியலில் வருகிறது.

ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு நிறம் பிடிக்கவில்லை, மாமியாருக்குப் பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தருவது கடைக்காரரின் நல்ல மனசு. அதை உரிமையாகக் கேட்க முடியாது. உங்கள் விஷயம் அப்படி இல்லை, தையல் விட்டிருக்கிறது, துணி சுருங்கியிருக்கிறது. லேபிளில் துவைக்கும் முறை போட்டிருந்தால் அதன்படிதான் செய்தீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'டிரை கிளீன் மட்டும்' என்று இருந்து நீங்கள் மெஷினில் போட்டிருந்தால் வாதம் நிற்காது.

குர்தியை இனிமேல் துவைக்காமல், லேபிளை வெட்டாமல் எடுத்து வையுங்கள். டேப் வைத்து அளந்து போட்டோ எடுங்கள், பில்லுக்கும் ஒரு போட்டோ. கடைக்கு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்ஆப்பில் அனுப்பினாலும் சரி. ஒரு வாரம் பாருங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். சின்னத் தொகை தகராறுகளில் பல இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 850 ரூபாய்க்கு இவ்வளவு அலைய வேண்டுமா என்று தயங்காதீர்கள். அந்தத் தயக்கத்தை நம்பித்தான் அந்த வரியை அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

ரேயான் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது மோசமான துணி இல்லை. மரக்கூழில் இருந்து செய்வது, ஈரத்தை நன்றாக இழுக்கும், உடம்பில் குளிர்ச்சியாக விழும். ஆனால் நனைந்தால் பாதி வலு போய்விடும், பருத்தியைவிட அதிகமாகச் சுருங்கும். முறுக்கிப் பிழியக் கூடாது. ரேயானில் எடுத்தால் ஓர் அளவு பெரிதாகவும், இரண்டு அங்குலம் நீளமாகவும் எடுங்கள். உள் தையலில் அரை அங்குலமாவது துணி விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஓவர்லாக் மட்டும் அடித்து ஓரத்தோடு தைத்திருந்தால் பிரித்து விடவும் வழியில்லை. உங்கள் தோள் தையல் விட்டதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

கேள்வி: 'நூறு சதவீதம் காட்டன்' என்று சொல்லித் தருவது நிஜமாகவே காட்டன்தானா? வீட்டில் கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. உள் தையல் ஓரத்தில் இருந்து நீளவாக்கில் ஒரு நூல், குறுக்குவாக்கில் ஒரு நூல் உருவுங்கள், ஏனென்றால் இரண்டும் வேறு வேறாக இருக்கலாம். தனித்தனியாக இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனை வரும், சாம்பல் தொட்டதும் உதிரும். பாலியஸ்டர் என்றால் உருகிச் சுருண்டு, ஆறியதும் கறுப்பாகக் கெட்டி மணி போல நிற்கும். இரண்டும் கலந்திருந்தால் சாம்பலுக்குள் அந்த மணி தட்டுப்படும். ரேயானும் பருத்தி போலத்தான் எரியும், அதனால் இந்தச் சோதனையில் அந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

கேள்வி: சாயம் போகும் துணியை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் நிற்குமா?

நிற்காது. சாயம் பட்டறையிலேயே ஒழுங்காக ஏறியிருக்க வேண்டும், வீட்டில் உப்புப் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. வாங்கும் முன்னே வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, துணியின் உள்பக்கத்தில் பத்துத் தடவை தேயுங்கள். கைக்குட்டை நிறம் மாறினால் எடுக்க வேண்டாம். கருநீலத்திலும் மெரூனிலும் கட்டாயம் செய்யுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை நான். வீட்டிலும் வெளியிலும் கைத்தறிக் காட்டன் புடவைதான் கட்டுகிறேன். இப்போதெல்லாம் விசைத்தறிப் புடவையைக் கைத்தறி என்று விற்கிறார்களாமே, எப்படிப் பார்த்து எடுப்பது? (நாமக்கல்)

நீங்கள் கைத்தறி கட்டுவது கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது அம்மா. முதலில் முத்திரையைப் பாருங்கள். கைத்தறி முத்திரை 2006இல் மத்திய அரசு கொண்டுவந்தது. தரத்துக்கென்று தனியாக 'இந்தியா ஹேண்ட்லூம் பிராண்டு' 2015 ஆகஸ்ட் 7இல் சென்னையில் தொடங்கிவைக்கப்பட்டது. 1935இல் இருந்து நடக்கும் கோ-ஆப்டெக்ஸில் எடுத்தால் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து நேராக வந்த துணி, அந்தச் சந்தேகமே வேண்டாம். தினசரிக்குச் சுங்குடி, செட்டிநாட்டுக் கண்டாங்கி, நெகமம் மூன்றும் எனக்குப் பிடித்தவை. மூன்றுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது.

அப்புறம் நூல் நம்பர் கேளுங்கள். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளச் சிட்டங்கள், அதாவது நூல் கட்டுகள், எத்தனை தேறுகின்றன என்பதுதான் அந்த நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலிசு. 60ஆம் நம்பர் கெட்டியாக உழைக்கும். 80 தினசரிக்கு நடுவாக இருக்கும். 100, 120 எல்லாம் உடம்புக்கு லேசு, விலையும் கூட, ஆனால் அலசலில் கவனம் வேண்டும். நம்பரைக் கேட்டதுமே விற்பவர் பேச்சு மாறும். தெரிந்து கேட்கிறீர்கள் என்று உள்ளே இருந்து நல்ல புடவைகள் வரும்.

கஞ்சியில் ஏமாறாதீர்கள். புதுப் புடவை விறைப்பாக, நெருக்கமாக நெய்தது போல இருக்கும். முந்தானை ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நன்றாகக் கசக்கிவிட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விரலில் வெள்ளைப் பொடி ஒட்டி, கசக்கிய இடம் மட்டும் சல்லடைக்கண் போலத் தெரிந்தால், அலசியதும் புடவை முழுக்க அப்படித்தான் ஆகும். நெருக்கமாக நெய்த புடவை கசங்கும், ஆனால் இழை விலகாது.

கேள்வி: திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டி-ஷர்ட் என்று எல்லா ஊரிலும் விற்கிறார்களே, நம்பி வாங்கலாமா?

திருப்பூர் காதர்பேட்டைக்குப் போனால் நிஜமான சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதிக்குத் தைத்ததில் மிஞ்சிய சரக்கு, கிடைக்கும். மற்ற ஊர்களில் அந்தப் பெயரில் விற்பது பாதிக்கு மேல் உள்ளூர்ச் சரக்குதான் என்பது என் கணிப்பு. பெயரை விட்டுவிட்டு டி-ஷர்ட்டைப் பாருங்கள். தோள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிடுங்கள். பக்கவாட்டுத் தையல் நேராகக் கீழே இறங்காமல் முன்பக்கமோ பின்பக்கமோ திரும்பினால், துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கும். எடை கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம்: 180 ஜிஎஸ்எம் நம் ஊருக்குப் போதும், 140க்குக் கீழே போனால் உள்ளே போட்ட பனியன் தெரியும். வெளிநாட்டு மீடியம் நம் மீடியத்தைவிடப் பெரிதாக இருக்கலாம், அதனால் எழுத்தைப் பார்க்காமல் மார்பளவை டேப்பில் அளந்து எடுங்கள். செகண்ட்ஸ், அதாவது சின்னக் குறை இருப்பதால் கழித்த சரக்கு என்றால் வெளிச்சத்தில் விரித்து ஓட்டை தேடிவிட்டுக் காசு கொடுங்கள்.

கேள்வி: ஆடித் தள்ளுபடியில் 40 சதவீதம் குறைத்துவிட்டு, பில்லில் ஜிஎஸ்டி தனியாகச் சேர்த்தார்கள். சரியா?

எம்ஆர்பி என்பதே எல்லா வரியும் சேர்ந்த விலை. 40 சதவீதம் தள்ளுபடி என்று போர்டு வைத்துவிட்டு மேலே வரி போடுவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையமே சொல்லியிருக்கிறது. பில் போடும் முன்பே கேளுங்கள். 2025 செப்டம்பர் 22இல் இருந்து 2,500 ரூபாய் வரையான ஆயத்த ஆடைக்கு வரி 5 சதவீதம்தான், அதற்கு மேலே 18. ஆடியில் பனியன், துண்டு, வேட்டி, வெள்ளைச் சட்டை போன்ற மாறாத சரக்கை எடுங்கள். எலாஸ்டிக் வைத்ததை மட்டும் இழுத்துப் பாருங்கள், குடோனில் கிடந்தே செத்திருக்கும்.

கேள்வி: நாலைந்து சட்டையையே மாற்றி மாற்றிப் போட்டால் ஆபீசில் என்ன நினைப்பார்கள்?

துவைத்து இஸ்திரி போட்டிருந்தால் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். அழுக்குக் காலர், தொங்கும் பட்டன், மங்கிப்போன கறுப்புப் பேன்ட், இவைதான் கண்ணில் படும். ஒரே சட்டையை அடுத்தடுத்த நாள் போடாமல் ஒருநாளாவது காற்றில் தொங்கவிடுங்கள், நூல் கூடுதலாக உழைக்கும். வெயிலில் காயப்போட்டால் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள். காலர் மடிப்பில் நைந்துபோன சட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆல்டரேஷன் டெய்லரிடம் கொடுத்தால் காலரைப் பிரித்து, நைந்த பக்கம் அடியில் போகும்படி திருப்பித் தைத்துத் தருவார். பழைய டெய்லர்கள் எல்லோருக்கும் தெரிந்த வேலை இது. புதிதாகக் கடை போட்டவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.