கூண்டும் நாலரை மணியும்

அன்புள்ள சார்,

நாய்களைப் பற்றி நீங்கள் எழுதுவதையெல்லாம் படித்த தைரியத்தில்தான் இதில் இறங்கினேன். தாம்பரத்தில் மூன்றாவது மாடி ஃபிளாட். நான், கணவர், மாமியார் மூன்று பேர். இரண்டு வாரம் முன்பு தெருவில் பிறந்த குட்டி ஒன்றைத் தத்தெடுத்தோம். இப்போது பத்து வாரம் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். கறுப்பு நாட்டுக்குட்டி, பெண். பெயர் மிளகு.

யூடியூப் பார்த்து ஒரு கம்பிக் கூண்டு வாங்கி ஹாலில் வைத்தோம். இரவு பதினோரு மணிக்கு உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினால் ஒரே அழுகை. அரை மணி நேரம் கத்தி ஓய்ந்து தூங்கும். அப்புறம் நாலரைக்கு எழுந்து மறுபடி ஊளை. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று அத்தை எழுந்துபோய்த் திறந்துவிட்டு, காபிக்குப் பால் காய்ச்சும்போது அதற்கும் கொஞ்சம் ஊற்றுவார். உடனே அடங்கிவிடும். ஐந்து மணிக்கெல்லாம் வீடு முழுக்க ஓட்டம். ராத்திரி பத்து மணிக்கு எங்களோடு சாப்பிட்டுவிட்டுத்தான் படுக்கிறது, அதனால் பசியாக இருக்காது.

"பச்சைக் குழந்தையைக் கொண்டுவந்து ஜெயில்ல போட்டுட்டீங்களே" என்று அத்தை தினமும் சொல்கிறார். அழவிட்டால் நாலு நாளில் பழகிவிடும் என்கிறார் கணவர். யார் சொல்வது சரி? ஆறு, ஆறரை வரையாவது மிளகைத் தூங்கவைக்க என்ன வழி?

ம., தாம்பரம்

*

அன்புள்ள ம.,

நாலரை மணிக்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பால். அதற்கு அப்புறம் வருகிறேன், முதலில் அத்தை.

அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் வீட்டு நாயை வழக்கமாகக் கூண்டில் பூட்டிவைக்க விதிகள் இடம் கொடுப்பதில்லை. பயணம் போன்ற தேவைக்கு மட்டும்தான். நம்முடைய 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவும், அசைய இடமில்லாத கூண்டில் ஒரு பிராணியை அடைப்பதைக் குற்றம் என்கிறது. அதே பிரிவில் அடுத்த வரியிலேயே, குட்டையான, கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவதும் குற்றம் என்று இருக்கிறது. அதை மட்டும் நம் ஊரில் யாரும் கண்டுகொள்வதில்லை. போர்ட்டிகோ தூணில் ஒரு ராஜபாளையம் ஆயுள் முழுக்கக் கட்டிக் கிடந்தால் நல்ல காவல் நாய் என்போம். கூண்டைப் பார்த்தால்தான் பாவ புண்ணியம் ஞாபகம் வரும். இது அத்தையைச் சொல்வதல்ல, எனக்கு ரொம்ப நாளாக இருக்கிற எரிச்சல்.

கூண்டு கட்டாயம் என்று நான் சொல்ல மாட்டேன். கூண்டே இல்லாமல் அருமையாக வளர்ந்த நாய்கள் ஏராளம். ஆனால் வாங்கிவிட்டீர்கள், முறையாகப் பழக்கினால் அதனால் லாபம் உண்டு. மிளகு பெண். நாளைக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தால் தையல் ஆறும்வரை குதிக்காமல் வைத்திருக்க வேண்டும். தீபாவளி வெடிச்சத்தத்தில் கட்டிலுக்கடியில் போய் நடுங்குகிற நாயையும், தன் கூண்டுக்குள் போய்ச் சுருண்டுகொள்கிற நாயையும் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். இந்த லாபமெல்லாம் அது தானாக உள்ளே போகிற நாயாக இருந்தால்தான்.

அப்படி ஆகவிடாமல் தடுப்பது உங்கள் கணவரின் வைத்தியம். பிறந்ததிலிருந்து மிளகு தனியாகத் தூங்கியதே கிடையாது. கூடப் பிறந்ததுகளின் வயிற்றிலும் முதுகிலும் தலையை வைத்துக் குவியலாகக் கிடந்தது. இப்போது இருட்டு ஹாலில், கம்பிக்குள், ஒற்றையாக. அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் வருடக்கணக்காகக் குட்டிகளை வளர்த்துப் பார்த்தார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரைதான் ஒரு குட்டி யாரோடு ஒட்டிக்கொள்வது, எதைக் கண்டு பயப்படுவது என்பதையெல்லாம் சுலபமாகப் பழகும் என்பது அவர்கள் கண்டது. மிளகு அந்தக் காலத்தின் கடைசியில் இருக்கிறது. அரை மணி நேரம் கத்திவிட்டு அது தூங்குவது களைப்பில். கூண்டுக்குப் பழகிவிட்டது என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே முதல் வேலை, இன்று இரவே கூண்டை ஹாலிலிருந்து எடுத்து உங்கள் கட்டிலை ஒட்டி வையுங்கள். படுத்தபடி கையைத் தொங்கவிட்டால் கம்பியைத் தொடுகிற தூரம். முனகினால் விரலை நீட்டுங்கள், முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துவிடும். பேச வேண்டாம், லைட் வேண்டாம். சில வாரம் கழித்து, அது நிம்மதியாகத் தூங்குகிறது என்று தெரிந்த பிறகு, கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசல் பக்கம் நகர்த்தலாம். நகர்த்தாமலே விட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

பகலில் கதவைப் பற்றிய நினைப்பே வேண்டாம். கதவைத் திறந்து கயிற்றால் கட்டிவிடுங்கள். வேகவைத்த கோழித் துண்டை நகத்தளவு பிய்த்து உள்ளே போடுங்கள். முதலில் பின்னங்கால் இரண்டையும் வெளியே ஊன்றி, உடம்பை ரப்பர் மாதிரி நீட்டி, வாயால் மட்டும் கவ்விக்கொண்டு வெளியே ஓடும். விடுங்கள். எப்போது நாலு காலும் உள்ளே வைத்து, தின்ற பிறகும் அடுத்த துண்டுக்காக உள்ளேயே நின்று உங்களைப் பார்க்கிறதோ, அன்றைக்குத்தான் கதவை அவிழ்க்க வேண்டும். அதன் எல்லாச் சாப்பாடும் இனி கூண்டுக்குள்தான். தின்னும்போது கதவைச் சாத்தி, தட்டைக் காலி செய்வதற்குள் திறந்துவிடுங்கள். அப்புறம் தின்று முடித்து அரை நிமிடம், இரண்டு நிமிடம், நீங்கள் சமையலறைக்குப் போய் வருகிற நேரம் என்று கூட்டுங்கள். இந்த வேலையை அத்தையிடம் கொடுங்கள் என்பது என் யோசனை. பகலில் வீட்டில் இருப்பவர் அவர்தான், குட்டி மேல் உருகுபவரும் அவர்தான். தன் கையால் சோறு வைக்கிற இடத்தை அவர் ஜெயில் என்று சொல்ல மாட்டார்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். முனகல் தேய்ந்துகொண்டே போய் அடங்கினால் பரவாயில்லை. அழுகை ஏறிக்கொண்டே போய், கம்பியைக் கடித்து, வாயில் எச்சில் வழிந்து, பாதத்தால் கூண்டின் அடித்தட்டைப் பிறாண்டினால் அது பயம். உடனே திறந்துவிட்டு, இரண்டு படி பின்னால் போய் ஆரம்பியுங்கள். பிடிவாதத்தை உடைக்கிறேன் என்று நிற்கக் கூடாது. பத்து வாரக் குட்டிக்குப் பிடிவாதம் என்று ஒன்று கிடையாது.

கூண்டில் நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். வளர்ந்த நாய்க்கான 36 அங்குலக் கூண்டாக வாங்கியிருந்தால், பின்பாதியைத் தடுப்புத் தகடோ அட்டைப்பெட்டியோ வைத்து அடையுங்கள். இடம் அதிகம் இருந்தால் ஒரு மூலையைக் கக்கூஸ் ஆக்கிவிடும். நாலு பக்கமும் போர்வை போட்டு மூடச் சொல்லும் வீடியோக்கள் குளிர்நாட்டுக்காரர்களுடையவை. தாம்பரம் வெயிலுக்குப் பழைய வேட்டி ஒன்றை மூன்று பக்கம் தொங்கவிட்டால் போதும், ஃபேன் காற்று படவேண்டும். உள்ளே விடும்போது கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், கம்பியில் மாட்டிக்கொண்டால் ஆபத்து. அதில் அத்தை சலங்கை கட்டியிருந்தால் (கட்டியிருப்பார்) பகலிலும் கழற்றிவிடுங்கள். திரும்பிப் படுக்கும்போதெல்லாம் காதோரம் மணி அடித்தால் நமக்கே தூக்கம் வராது.

சரி, இப்போது நாலரை மணி.

மிளகு கெட்டிக்காரி. வயதின் மாதக் கணக்கோடு ஒன்றைக் கூட்டினால் எத்தனை வருகிறதோ, அத்தனை மணி நேரம் குட்டியால் பகலில் அடக்க முடியும் என்பது நாய் வளர்ப்பவர்களின் தோராயக் கணக்கு. அதன்படி மிளகுக்கு மூன்று, மூன்றரை மணி நேரம். இரவில் இன்னும் கொஞ்சம் தாங்கும். பதினொன்றிலிருந்து நாலரை என்றால் ஐந்தரை மணி நேரம். கூண்டுக்குள்ளேயே ஒன்றுக்குப் போய்விடுவதாக நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் நாலரைக்கு அது கூப்பிடுவது, தாங்க முடியவில்லை, என்னைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்றுதான். அந்த முதல் அழுகை நியாயமானது.

அதற்கு அப்புறம் நடப்பதுதான் சிக்கல். கூப்பிட்டது ஒன்றுக்குப் போவதற்காக, கிடைத்தது பால், அத்தையின் மடி, லைட் போட்ட சமையலறை. ஒருநாள் கிடைத்தால் மறுநாள் அதற்காகவே எழும். பால் குடிக்கும் பருவம் தாண்டிய குட்டிகளில் பலவற்றுக்கு மாட்டுப்பால் செரிப்பதில்லை, வயிற்றைக் கலக்கும். இதோடு பத்து மணிச் சாப்பாடு. பத்து மணிக்குத் தின்றது விடியற்காலையில் வெளியே வரத்தானே செய்யும்?

கடைசிச் சாப்பாட்டை ஏழு மணிக்குக் கொண்டுவாருங்கள். நீங்கள் பத்து மணிக்குச் சாப்பிடும்போது அது காலடியில் பரிதாபமாகப் பார்க்கும், பார்க்கட்டும். தண்ணீரை நிறுத்தாதீர்கள், நம் ஊர் வெக்கைக்கு அது ஆகாது. படுப்பதற்கு முந்தின ஒரு மணி நேரம் கிண்ணத்தை எடுத்துவைத்தால் போதும். இரவு எட்டிலிருந்து பத்துவரை டிவி பார்க்கும்போது யார் மடியிலாவது தூங்கினால், அதன் இரவு எட்டு மணிக்கே தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஒன்பதரைக்கு எழுப்பிக் கொஞ்சம் விளையாடவிட்டு, பதினொரு மணிக்கு ஒன்றுக்கு விட்டு, அப்புறம் கூண்டு. இதற்காகப் பகல் தூக்கத்தில் கை வைக்கக் கூடாது. இந்த வயதில் ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம்கூடத் தூங்கும். தூக்கம் கெட்ட குட்டிதான் சாயங்காலம் பேய் பிடித்ததுபோல் ஓடிக் கணுக்காலைக் கடிக்கும், ராத்திரியும் சரியாகத் தூங்காது.

பிறகு, நாலேகாலுக்கு அலாரம் வையுங்கள். ஆமாம், அதற்கும் முன்னால். அது அழுவதற்குள் நீங்களே எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் தூக்கிக்கொண்டுபோய் ஒன்றுக்கு விட்டு, அதே இருட்டில் கூண்டுக்குள் படுக்கவைத்துவிடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் முனகும். பால் வரவில்லை, லைட் வரவில்லை என்றானதும் சுருண்டுகொள்ளும். நாலைந்து நாள் இது ஒழுங்காக நடந்தால் அலாரத்தைக் கால் மணி தள்ளுங்கள், அப்புறம் இன்னொரு கால் மணி. காலைச் சாப்பாடும் எழுந்த உடனே வேண்டாம், அரை மணி நேரமாவது கழியட்டும். நாலு மாத வயதில் பெரும்பாலான குட்டிகள் இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஆறரை கேட்கிறீர்கள். ஆறு கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாவது நாயின் சுபாவம், அதோடு ஓரளவுக்கு மேல் மல்லுக்கட்ட முடியாது. ஜன்னலுக்குக் கனமான திரை போட்டால் வெளிச்சம் குறையும், தண்ணீர் மோட்டார் சத்தத்துக்கும் மைக்செட்டுக்கும் நான் என்ன சொல்ல.

அந்த நேரத்தில் மூன்று மாடி இறங்க வேண்டாம். தடுப்பூசிகள் முடிகிறவரை, அதாவது பதினாறு வாரம்வரை, தெருநாய்கள் போகிற மண்ணில் இறக்கிவிடுவது குட்டிகளின் உயிரையே எடுக்கும் பார்வோ வைரஸை விலைக்கு வாங்குகிற வேலை. அது மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். பால்கனியில் ஒரு அகலத் தட்டில் மண்ணோ செயற்கைப் புல்லோ போட்டுவையுங்கள். தரையை முகர்ந்துகொண்டே வட்டமடிக்க ஆரம்பித்ததும் தூக்கிக்கொண்டு போய் விடுங்கள். சாயங்காலம் இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே போய் ஆட்டோ, குழந்தைகள், காய்கறி வண்டி எல்லாம் காட்டுங்கள், அதற்குத் தடையில்லை. வீட்டுக்குள்ளேயே ஒன்றுக்குப் போய்விட்டால் பினாயில் ஊற்றாதீர்கள். நம் மூக்குக்குத்தான் வாடை மறையும், அது பழைய இடத்தைக் கண்டுபிடித்துவிடும். தரையை நக்குகிற குட்டிக்குப் பினாயில் நல்லதும் அல்ல. செல்லப்பிராணிக் கடைகளில் என்சைம் கலந்த திரவம் கிடைக்கிறது.

பக்கத்து வீட்டில் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், புதுக் குட்டி, கொஞ்ச நாள் சத்தம் இருக்கும் என்று. மிளகையும் தூக்கிக்கொண்டு போனால் பேச்சு சுருக்கமாக முடியும். அடுத்த ஊசிக்குப் போகும்போது மலத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். தெருவில் பிறந்த குட்டிக்குப் பெரும்பாலும் வயிற்றில் பூச்சி இருக்கும். அதைக் கவனிக்காவிட்டால் நான் மேலே சொன்ன அலாரக் கணக்கு எதுவும் நிற்காது.

அன்புடன்.