கூட்டு இன்ஜின் வாங்கும் முன் முறைத்தண்ணீர்க் கணக்கு

கேள்வி: மியான்மரில் பகோவுக்கு வடக்கே, பெகு யோமா மலை அடிவாரத்தில் எங்கள் கிராமம் இருக்கிறது. பதினொரு குடும்பங்கள், ஒவ்வொருவருக்கும் மூன்று முதல் ஐந்து ஏக்கர். நெல் அறுத்தபின் உளுந்து விதைக்கிறோம். ஓடையில் சித்திரை வரை தண்ணீர் ஓடுகிறது. கூட்டாக ஓர் ஆயில் இன்ஜின் வாங்கி, ஆளுக்கு அரை ஏக்கரில் காய்கறி வைக்க நினைக்கிறோம். முன்பு இப்படி வாங்கிய இன்ஜின், டீசல் தகராறால் இரண்டே ஆண்டுகளில் துருப்பிடித்துப் போயிற்று. இப்போது எத்தனை அங்குல இன்ஜின் வாங்கலாம்?

பதில்: அங்குலத்தை, அதாவது பம்ப் குழாயின் அளவை, கடைசியில் பார்ப்போம். உங்கள் பழைய இன்ஜினைக் கெடுத்தது துரு அன்று, கணக்கு. அதனால் கணக்கிலிருந்தே தொடங்குவது நல்லது.

ஓடை மிகவும் இளைத்திருக்கும் நேரத்தில், அதாவது சித்திரையில் வரும் பர்மியப் புத்தாண்டான திஞ்ஜானுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு, அதன் ஓட்டத்தை அளந்துகொள்ளுங்கள். நேராக ஓடும் பத்து மீட்டர் தூரத்தில் ஒரு காய்ந்த குச்சியை மிதக்கவிட்டு நொடிகளை எண்ண வேண்டும். ஓடை ஒன்றரை மீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் ஆழமுமாக இருந்து, குச்சி அந்தத் தூரத்தை 40 நொடியில் கடந்தால், அடித்தண்ணீர் மேல்தண்ணீரைவிட மெதுவாகப் போவதற்குக் கழித்தது போக, நொடிக்கு ஏறக்குறைய 60 லிட்டர் ஓடுகிறது என்று கொள்ளலாம். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீங்கள் எடுக்கலாகாது என்பது என் கருத்து; கீழே உள்ள ஊர்களுக்கும் மாடுகளுக்கும் அதே ஓடைதான்.

இனி தேவை. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க ஏறத்தாழ 4,000 லிட்டர் வேண்டும். கோடையில் காய்கறிக்கு நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் என்று வைத்தால் அரை ஏக்கருக்கு 10,000 லிட்டர். மண்வாய்க்கால் குடித்துவிடும் பங்கையும் சேர்த்தால் 15,000. பதினொருவருக்கும் சேர்த்து 1,65,000 லிட்டர். நொடிக்கு 10 லிட்டர் இறைத்தால் தினமும் நாலரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தினமும் எல்லாருக்கும் சிறிது சிறிதாக விடுவதைவிட, நான்கு நாளுக்கு ஒருமுறை ஆளுக்கு ஒரு மணி நாற்பது நிமிடம் என்று முறை வைத்தால், வாய்க்காலை நிரப்புவதில் போகும் தண்ணீர் மிச்சமாகும்.

தகராறு பிறக்கும் இடம் இனித்தான் வருகிறது. பொதுப்பணத்தில் டீசல் வாங்கி எல்லாருக்கும் ஊற்றினால், யார் வயலில் எவ்வளவு எரிந்தது என்ற பேச்சு எழாமல் இருக்காது. ஒரு கிராமத்தில் கூட்டு இன்ஜினின் டீசல் தொட்டி மூடிக்கு மூன்று பேர் மூன்று பூட்டுப் போட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆகையால் அவரவர் முறைக்கு அவரவரே டீசல் கொண்டுவரட்டும். ஆனால் இதை மட்டும் விதியாக்கிவிட்டால் கடைமடைக்காரர் நட்டப்படுவார்: தலைமடையில் உள்ளவருக்கு இன்ஜின் தட்டியதும் தண்ணீர் வர, கடைமடைக்குப் போய்ச் சேரவே இருபது நிமிடம் ஆகலாம், அந்த இருபது நிமிட டீசலும் அவர் தலையிலேயே விழும். எனவே வாய்க்கால் நிரம்பும் நேரத்தை முன்கூட்டியே கடிகாரம் வைத்து அளந்து, அதற்குரிய டீசலைப் பொதுக்கணக்கில் ஏற்றுங்கள். அதுபோல, இன்ஜின் நின்றபின் வாய்க்காலில் வடிந்துவரும் தண்ணீர் யாருக்குப் போகிறதோ அவருடைய நேரத்தில் அதற்கேற்பக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று வாய்க்கால் தண்ணீரை முறைவைத்து விடும் பஞ்சாபின் வாராபந்தி முறையில் இந்த இரண்டு கணக்கும் உண்டு.

இன்ஜினுக்கு மணிக்கூலி தனி. அது ஐந்து கோடைக்கு, கோடைக்கு 500 மணி நேரம் உழைக்கும் என்று கொண்டால், விலையை 2,500-ஆல் வகுத்து வருவதோடு ஆயில், பழுதுச் செலவைச் சேர்த்து ஒரு மணிக்கான கூலியை வையுங்கள். அந்தப் பணத்திலிருந்து வேறெதற்கும் கைமாற்றுக் கொடுக்கவே கூடாது. தமிழ்நாட்டு ஊர்களில் ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பிரித்துவிட நீர்க்கட்டி என்றோர் ஆள் இருந்ததுபோல, இன்ஜினை ஓட்டி மடை திருப்ப ஒருவரைக் கூலி கொடுத்து வையுங்கள். பதினொரு குடும்பத்தையும் சேராதவராக இருந்தால் இன்னும் நல்லது. வாய்க்கால் பிறர் நிலத்தில் போகுமானால், நில உபயோகச் சான்றான பாரம் 7 யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய எழுத்துச் சம்மதம் இல்லாமல் மண்வெட்டி வைக்காதீர்கள்.

மீதி நிலத்தில் உளுந்தைக் கைவிட வேண்டாம். அறுவடை ஈரத்திலேயே அது விளைந்துவிடும். ஆனால் அதன் விலை இந்தியாவைப் பார்த்தே ஏறி இறங்குகிறது. 2017 ஆகஸ்டில் இந்தியா இறக்குமதிக்கு வரம்பு கட்டியபோது இங்கே விலை விழுந்ததை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். அரை ஏக்கர் காய்கறி அதற்கு ஒரு முட்டு. பதினொருவரும் தக்காளியையே நட்டு, ஒரே வாரத்தில் கூடை கூடையாகச் சந்தைக்குக் கொண்டுபோனால் அந்த முட்டும் உடையும். கத்தரி, வெண்டை, பயற்றங்காய், கீரை என்று பிரித்து, நடவையும் பத்து நாள் இடைவெளியில் தள்ளிப் போடுங்கள்.

இப்போது அங்குலம். நொடிக்கு 10 லிட்டருக்கு மூன்று அங்குலப் பம்பே போதும். கடைக்காரர் நான்கு அங்குலத்தைக் காட்டுவார். அது கூடுதல் டீசல் குடிக்கும், உங்கள் சிறு வாய்க்காலின் கரையையும் அறுக்கும். தண்ணீர் மட்டத்திலிருந்து பம்ப் ஐந்து மீட்டருக்கு மேல் உயரத்தில் நிற்கக் கூடாது. பணம் கொடுக்கும் முன் ஓடைக்கரையில் வைத்து ஓட்டச் சொல்லி, 200 லிட்டர் பீப்பாய் இருபது நொடிக்குள் நிரம்புகிறதா என்று பாருங்கள்.