பழைய தொட்டிலா, புதுசா? வாங்கும் முன் அளவு டேப்பை எடுங்கள்

கேள்வி: எனக்கு இது ஏழாம் மாதம். மூத்தவனுக்கு நாலு வயது. அக்கா பிள்ளைகள் படுத்த மரத் தொட்டில் ஒன்று அம்மா வீட்டுப் பரணில் கிடக்கிறது. பதினைந்து வருஷமாவது இருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் ஏற்றி இறக்கலாம். சுரண்டிப் புது பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்கிறார் அப்பா. கணவர் ஆன்லைனில் புதிதாக வாங்கலாம் என்கிறார். மாமியார், தூளி கட்டினால் போதாதா என்கிறார். தெரிந்த ஆசாரி ஒருவரும் இருக்கிறார். எது சரி? கடைக்குப் போனால் எதைப் பார்த்து வாங்குவது? (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: பரணில் இருப்பதை அங்கேயே விட்டுவிடுங்கள். அப்பா மனது சங்கடப்படலாம், ஆனாலும் அந்தத் தொட்டில் வேண்டாம். காரணம் இரண்டு.

முதலாவது, ஏறி இறங்கும் அந்தப் பக்கம். அது ஓடுவது சின்ன பிளாஸ்டிக் தடத்தில். நிற்பது ஒரு ஸ்பிரிங் அல்லது கொக்கியின் பிடியில். வருஷக் கணக்கில் ஏற்றி இறக்கியதில் தடம் விரிசல் விடும், திருகு தளரும். அப்போது ஒரு மூலை மட்டும் கழன்று, மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு இடுக்கு விழும். உருண்டு வரும் குழந்தையின் உடம்பு அதில் இறங்கிவிடும், தலை மாட்டிக்கொள்ளும், முகம் மெத்தையில் அழுந்தும். கத்தக்கூட வழி இருக்காது. அமெரிக்காவில் 2000-க்குப் பிறகான பத்தாண்டுகளில் குறைந்தது 32 குழந்தைகளின் இறப்பு இந்த வகைத் தொட்டில்களோடு தொடர்புடையது என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டது. 2011 ஜூன் 28 முதல் அங்கே இதைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. நம் ஊர்க் கடைகளிலும் ஆன்லைனிலும் இன்னும் கிடைக்கிறது. புதிதாக வாங்கினாலும் நாலு பக்கமும் அசையாமல் நிற்கும் தொட்டிலையே வாங்குங்கள். நாமே ஒரு போல்ட் போட்டு இறுக்கிவிட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். துளை போட்ட இடத்தில்தான் பழைய மரம் பிளக்கும். வேண்டாம்.

இரண்டாவது, பெயின்ட். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற இந்திய விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் தொட்டில் அதற்கு முந்தையது. பல் முளைக்கும் நேரத்தில் குழந்தை முதலில் கடிப்பது தொட்டிலின் மேல் சட்டத்தைத்தான். அதைவிட அவசரமான விஷயம் இன்னொன்று: அதைச் சுரண்டுவதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் நீங்கள் இருக்கும் வீட்டில் நடக்கவே கூடாது. பழைய பெயின்டில் ஈயம் இருந்தால் அந்தத் தூசி மூச்சில் போகும், தரையில் படியும். உங்கள் உடம்பில் சேரும் ஈயம் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் போகும். நாலு வயதுப் பையன் தரையில் விளையாடிய கையை வாயில் வைப்பான். அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அடுத்து தூளி. மடியில் தூங்காத குழந்தை தூளியில் கண்ணை மூடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஆட்டித் தூங்கவைக்கும் வரை சரி. அதன் பிறகு எடுத்து, மல்லாக்காகத் தொட்டிலில் கிடத்திவிட வேண்டும். தூளியில் முதுகு வளைந்து, தாடை நெஞ்சில் போய் ஒட்டும். பச்சிளம் குழந்தைக்குக் கழுத்தைத் தூக்கும் பலம் கிடையாது, மூச்சுக்குழாய் குறுகும். புரளத் தொடங்கிய குழந்தை என்றால் முகம் துணியில் புதையும். ஸ்பிரிங் தொட்டிலுக்கும் இதே கதைதான். உங்கள் வீட்டில் மூத்தவன் இருப்பதால் இன்னும் ஒன்று: குழந்தை இல்லாத நேரத்தில் சேலையை உத்தரத்தில் தொங்கவிடாதீர்கள். பெரிய பிள்ளைகள் அதில் சுற்றிச் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகிய செய்திகள் நம் நாளிதழ்களிலேயே வந்திருக்கின்றன. எடுத்து மடித்து வைத்துவிடுங்கள்.

ஆக, புதுசு. கடையிலா ஆசாரியிடமா என்பது பெரிய கேள்வி இல்லை. இரண்டிலும் நல்லதும் உண்டு, மோசமானதும் உண்டு. பெரியவர் கண் படாத நேரத்திலும் குழந்தையைத் தனியே விட்டு வைக்கிற இடம் வீட்டில் தொட்டில் ஒன்றுதான். அதனால் அழகைப் பார்க்காமல் இடுக்குகளையும் மூட்டுகளையும் பாருங்கள்.

முதல் அளவு, பக்கவாட்டுக் கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. 6 செ.மீ.-க்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு மேல் போனால் குழந்தையின் கால், இடுப்பு, நெஞ்சு எல்லாம் வெளியே நழுவி, தலை மட்டும் உள்ளே மாட்டும். ஐரோப்பிய தர விதியில் குறைந்தபட்சமும் உண்டு: 4.5 செ.மீ. அதைவிடக் குறுகினால் கை கால் சிக்கும். குளிர்பான டின் உள்ளே நுழையாவிட்டால் போதும் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது சுமார் 6.6 செ.மீ. அகலமுள்ள பழைய பருத்த டின்னுக்குச் சொன்னது. இப்போது இங்கே அதிகம் விற்கும் ஒல்லி டின் 5.8 செ.மீ.தான், கணக்கு தப்பும். ஒரு மரத்துண்டையோ கெட்டி அட்டையையோ சரியாக 6 செ.மீ. அகலத்துக்கு வெட்டி எடுத்துப் போங்கள். ஒவ்வொரு இடைவெளியிலும் வைத்துப் பாருங்கள், கம்பியைக் கையால் நெம்பியும் பாருங்கள். மெல்லிய கம்பி நடுவில் வளைந்து வழி விடும். அந்தத் தொட்டில் வேண்டாம்.

தலைமாட்டுப் பலகையில் நிலா, நட்சத்திரம் என்று வெட்டியிருந்தால் அதுவும் இடைவெளிதான், தலை போகும். படுக்கை வாட்டில் போகும் குறுக்குக் கம்பிகள் இருந்தால் பத்து மாதத்தில் அது ஏணி. நாலு மூலைக் கால்களும் மேல் சட்டத்தோடு சமமாக முடிய வேண்டும். குமிழ் வைத்த தொட்டில் பார்க்க அழகு, ஆனால் சட்டைக் கழுத்தும் கயிறும் அதில்தான் மாட்டும். இதோடு சேர்த்தே சொல்லிவிடலாம்: கழுத்தில் தாயத்து, கருப்புக் கயிறு, சங்கிலி எது இருந்தாலும் தூங்கவைக்கும் முன் கழற்றிவிடுங்கள். அரைஞாண் இருக்கட்டும், தொளதொளவென்று மட்டும் இருக்கக் கூடாது.

அடுத்தது ஆழம். மெத்தை போடாமல், அடிப்பலகையைக் கடைசிப் படியில் இறக்கி, அங்கிருந்து மேல் சட்டம் வரை அளங்கள். 60 செ.மீ. குறைந்தபட்சம், அமெரிக்க விதி 66 செ.மீ. கேட்கிறது. உள்ளூரில் செய்து விற்கும் தொட்டில்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். பிறந்த குழந்தைக்கு எட்டிக் கிடத்த வசதியாக 35, 40 செ.மீ. ஆழத்தில் செய்துவிடுகிறார்கள். எட்டாம் மாதம் பிடித்து நிற்கும் குழந்தை அதிலிருந்து தலைகீழாக விழும். அடிப்பலகையை இரண்டு மூன்று உயரங்களில் மாட்ட வசதி இருப்பதை எடுங்கள். குழந்தை உட்காரத் தொடங்கும்போது ஒரு படி, நிற்க முயலும் முன்பே கடைசிப் படி.

மெத்தையைத் தனியாக வாங்குவதானால் தொட்டிலின் உள் அளவை எடுத்த பிறகு வாங்குங்கள். ஒரு மூலைக்குத் தள்ளி வைத்தால் எதிர்ப்பக்க இடைவெளி இரண்டு விரல் அகலத்துக்கு மேல் போகக் கூடாது. கனம் 10 செ.மீ. போதும், 15-ஐத் தாண்டக் கூடாது; மெத்தை உயர்ந்தால் பக்கத்தின் ஆழம் அந்த அளவு குறையும். உள்ளங்கையால் நடுவிலும் ஓரத்திலும் அழுத்திப் பாருங்கள். கையை எடுத்ததும் குழி உடனே மறைய வேண்டும். இலவம்பஞ்சு மெத்தை பெரியவர்களுக்கு நல்லது, குழந்தைக்கு ஆகாது: ஒரே மாதத்தில் நடுவில் பள்ளம் விழும், பஞ்சு கட்டி தட்டும். கெட்டியான ஃபோம் அல்லது ரப்பர் கலந்த தேங்காய் நார் மெத்தை நல்லது. மெத்தை வந்த பிளாஸ்டிக் உறையை, அழுக்காகாமல் இருக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ரப்பர் ஷீட் போட்டால் அதன் மேல் பருத்தி விரிப்பை நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில் இழுத்துச் செருகுங்கள்.

மரத்தில் தேக்கு உறுதி, விலை அதிகம். ரப்பர் மரம் பதப்படுத்தியது என்றால் தொட்டிலுக்கு நல்ல மரமே. பதப்படுத்தாதது துளைப்பூச்சிக்கு இரை, சட்டத்தில் ஊசி முனைத் துளையும் மாவு போன்ற தூளும் தெரியும். பைன் மென்மையானது, திருகுத் துளை சீக்கிரம் தளரும். எம்டிஎஃப் என்பது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை, அதன் ஓரத்தில் ஈரம் பட்டால் உப்பும். குழந்தையின் தொட்டிலில் ஈரம் படாமல் இருக்காது.

மரத்தை விட மூட்டுதான் முக்கியம். பெரிய சட்டங்கள் சேரும் இடத்தில் திருகு நேரே மரத்தில் ஏறுகிறதா, இல்லை போல்ட் ஒன்று உள்ளே பதித்த இரும்பு நட்டில் ஏறுகிறதா என்று கேளுங்கள். உங்களுக்கு இது ரொம்பவே பொருந்தும். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவீர்கள். தொட்டிலைக் கழற்றி அங்கே மாட்டி, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்பக் கொண்டுவந்து மாட்டுவீர்கள். மரத்தில் நேரே ஏறிய திருகு அடுத்தடுத்து கழற்றி மாட்டும்போது பிடிப்பை இழந்துவிடும். திருகிக்கொண்டே இருக்கலாம், இறுகாது. இரும்பு நட்டு அப்படி ஆகாது.

ஆசாரியிடம் செய்வதானால் முதலில் 120க்கு 60 செ.மீ. மெத்தையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, உள் அளவு 122க்கு 62 என்று சொல்லுங்கள். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே 5 செ.மீ. கம்பியின் இரு நுனியும் மேல், கீழ்ச் சட்டங்களில் துளைக்குள் இறங்கிப் பசையோடு நிற்க வேண்டும். ஒட்டவைத்து ஆணி அடித்தால் ஓர் உதையில் பிரியும். அடியில் 12 மி.மீ. பிளைவுட், காற்றுக்குச் சின்னத் துளைகளோடு, ஓரத்தில் மட்டும் தாங்காமல் குறுக்கே இரண்டு சட்டங்களின் மேல் உட்காரட்டும். எல்லா விளிம்பும் உருட்டித் தேய்த்திருக்க வேண்டும். ஈயம் கலக்காதது என்று டப்பாவில் போட்ட பெயின்டோ பாலிஷோ அடித்து, வாடை முழுக்கப் போகும் வரை வெளியே காயவிடுங்கள். இப்போதே ஆர்டர் கொடுத்தால்தான் அதற்கு நேரம் இருக்கும்.

மாட்டும்போது எல்லா போல்ட்டையும் முதலில் கையால் பாதி மட்டும் ஏற்றி, தொட்டிலைச் சமதளத்தில் நேராக நிறுத்தி, அப்புறம் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். ஒரு மூலையை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் சட்டம் கோணும். முடிந்ததும் மேல் சட்டத்தைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி இறுக்குங்கள், பிறகு மாதம் ஒரு முறை. ஒரு போல்ட் தொலைந்தால் ஹார்டுவேர் கடையில் கிட்டத்தட்ட அதே மாதிரி கிடைப்பதைப் போடாமல், தயாரித்தவரிடமே கேட்டு வாங்குங்கள். சக்கரம் இருந்தால் குறைந்தது இரண்டுக்காவது பூட்டு வேண்டும்.

அம்மா வீட்டுக்கு மட்டும் மடக்குத் தொட்டில் போதும் என்று நினைத்தால் அதுவும் சரி. மேல் சட்டங்கள் நாலும் பூட்டிக்கொண்டதா என்று ஒவ்வொரு முறையும் அழுத்திப் பாருங்கள். அதோடு வந்த மெத்தையைத் தவிர வேறெதுவும் அதில் வேண்டாம். மெல்லியதாக இருக்கிறதே என்று மேலே இன்னொன்று போட்டால் வலைச் சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே இடுக்கு விழும்.

தொட்டிலோடு இலவசமாக வரும் தலையணை, குட்டி உருளைத் தலையணை, சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு எதையும் உள்ளே போடாதீர்கள். அந்தத் தடுப்பை அமெரிக்கா 2022-இல் தடை செய்துவிட்டது. மூச்சை அடைப்பது அதுதான். கடுகுத் தலையணையும் வேண்டாம். தலை உருண்டையாக வர வேண்டும் என்றால், தினம் ஒரு பக்கமாகத் தலைமாட்டை மாற்றிக் கிடத்துங்கள், விழித்திருக்கும்போது உங்கள் கண் முன்னே கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்கள். மேலே தொங்கும் கிலுகிலுப்பையை, குழந்தை கை ஊன்றி எழத் தொடங்கும்போது, ஐந்தாம் மாத வாக்கில், கழற்றிவிடுங்கள்.

கொசுவலை நமக்குத் தவிர்க்க முடியாதது. அது தொட்டிலின் வெளிப்பக்கமாக, எலாஸ்டிக் வைத்து விறைப்பாக நிற்க வேண்டும். உள்ளே தொய்ந்து விழுந்தால் குழந்தை இழுத்து முகத்தில் சுற்றிக்கொள்ளும். தொட்டிலை ஜன்னல் திரை, சுவிட்ச் போர்டு, அலமாரி இவற்றுக்குக் கை எட்டாத தூரத்தில் போடுங்கள். உங்கள் அறையிலேயே, முதல் ஆறு மாதமாவது. பெரிய கட்டிலை ஒட்டிப் போட்டால் நடுவே விரல் அகல இடுக்குகூட இருக்கக் கூடாது. இல்லையென்றால் நன்றாகத் தள்ளிப் போடுங்கள்.

குழந்தையின் உயரம் 90 செ.மீ. ஆகும்போது, அல்லது அதற்கு முன்பே ஒரு காலை மேல் சட்டத்தில் போட்டுத் தாண்டப் பார்க்கும் முதல் நாளிலேயே, தொட்டிலை நிறுத்திவிட்டுத் தரையில் மெத்தை விரித்துப் படுக்கவையுங்கள்.