கல்வெட்டில் எழுதாத ஆடுகள்

அன்புள்ள ஐயா,

நான் உடுவிலில் இருக்கிறேன். வேலையில் இருந்து ஓய்வு பெற்றபின், தை மாதம் ஐந்து செம்மறி மறிகளும் ஒரு கிடாயும் வாங்கினேன். பங்குனி பிறந்ததும் இரண்டு மறிகள் குட்டி போட்டன. ஒன்றுக்கு இரட்டைக் குட்டி; தாய் அதில் ஒன்றை ஊட்டவிடாமல் முட்டித் தள்ளுகிறது. யூடியூப்பில் வெள்ளைக்காரர் குட்டியின் வாலை வெட்டுகிறார்கள், நாமும் வெட்ட வேண்டுமா? முடியைக் கத்தரித்து நூல் நூற்றுப் பின்னிப் பார்க்கவும் ஆசை. இப்போது பனையோலைப் பெட்டி இழைக்கவும் வாட்டர்கலர் தீட்டவும் பழகுகிறேன்.

முக்கியமான கேள்வி இனித்தான். வைகாசியில் அப்பாவின் ஆண்டுத் திவசம் வருகிறது. அதற்கு ஒரு நினைவு மலர் அடிக்கிறேன். எங்கள் வம்சாவளியை ஒரு பெரிய மரமாக நானே வரைந்து அதில் போடப்போகிறேன். பூட்டன் வரைக்கும் பெயர்கள் தெரியும். நாங்கள் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் வழி என்று அப்பா சொல்லுவார். யாழ்ப்பாண வைபவமாலையை வைத்துக் கணக்குப் பார்த்தால் 16 தலைமுறை வருகிறது. நடுவில் உள்ள பெயர்களை எங்கே எடுக்கலாம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் குட்டி. அதற்குத்தான் அவசரம். பிறந்த சில மணி நேரத்துக்குள் கடும்புப் பால் (சீம்பால்) குடித்திருந்தால் பெரும்பாலும் தப்பிவிடும். தாயை ஒரு மூலையில் கட்டி, நீங்களே பிடித்துக்கொண்டு, நாளுக்கு நாலைந்து தரம் ஊட்டவிடுங்கள். பல மறிகள் சில நாளில் சம்மதித்துவிடும். சம்மதிக்காவிட்டால் போத்தல்தான். ஆட்டுப்பால் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் பசுப்பால், இளஞ்சூட்டில். பிள்ளையை மடியில் கிடத்திக் கொடுப்பதுபோலக் கொடுக்க வேண்டாம். குட்டி நின்றபடி குடிக்கட்டும், இல்லாவிட்டால் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மாட்டுக்கு விற்கிற தாது உப்பையும் செம்மறிக்கு வைக்காதீர்கள். மாடு தாங்குகிற அளவு செம்பைச் செம்மறி தாங்காது. மற்றதை மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

வாலை விட்டுவிடுங்கள், பாவம். கம்பளி ஆட்டுக்கு வாலடியில் சாணம் ஒட்டி ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும், அதற்காக அங்கே வெட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்துச் செம்மறிக்கு இருப்பது வெறும் முடி, இந்த வெக்கைக்கு ஏற்ற முடி. அதில் நூல் நூற்று ஒரு பனியன் பின்னிப் போட்டீர்களானால் உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு வைகாசிவரை இருப்பீர்கள். பெட்டி இழையுங்கள், நல்ல வேலை. வாட்டர்கலர் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை.

உங்கள் கடிதத்தை மற்றக் கடிதங்களுக்கு முன்னே எடுத்தது அந்த நினைவு மலருக்காக. போன கிழமைதான் ஒரு வீட்டார் வந்து தங்கள் தாயாரின் கல்வெட்டுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் ஊரில் ஒருவர் செத்து 31ஆம் நாளன்று வந்தவர்களுக்குக் கொடுக்கிற சிறு புத்தகத்தைக் கல்வெட்டு என்போம். தேவாரம் இருக்கும், திதி வெண்பா இருக்கும், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் இருக்கும், கடைசியில் வம்சாவளி இருக்கும். அந்த அம்மாவைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்டேன். மூத்தவர் டொராண்டோவில், இளையவர் சிட்னியில், மருமகன் பொறியியலாளர் என்றார்கள். அது சரி, அவ என்ன செய்தா? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “அவ வீட்டில்தான் இருந்தவ.”

இப்போது உங்கள் அரசனுக்கு வருவோம். மாதகல் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை எழுதியது ஒல்லாந்தர் காலத்தில். ராச்சியம் 1619இல் போர்த்துக்கேயரிடம் விழுந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆனபிறகு. அதில் அரசர் கதை இருக்கிறது, உங்கள் பூட்டனின் பூட்டன் இல்லை. 16 தலைமுறை மேலே போனால் உங்களுக்கு 65,536 பாட்டன் பாட்டிமார். மச்சாள்மாரையே கட்டிய ஊர் என்பதால் ஒரே ஆள் பல தரம் வருவார், பாதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒருவர் அரசராகவே இருந்துவிட்டுப் போகட்டும். மிச்சப் பேருக்குச் சோறு எங்கிருந்து வந்தது?

என் அப்பம்மா புன்னாலைக்கட்டுவன் பக்கம். செம்மறி வளர்த்தவ. பாலுக்கோ இறைச்சிக்கோ என்றில்லை, முக்கியமாகப் பட்டி அடைக்க. அந்தச் செம்மண்ணில் புகையிலை நடுவதற்கு முன்னே தோட்டக்காரர் வந்து கேட்பார்கள். தடி நட்டுக் கயிறு வரிந்து ஒரு துண்டில் பட்டி கட்டி, சில இரவு ஆடுகளை அதற்குள் அடைத்துவிட்டு, அடுத்த துண்டுக்கு மாற்றுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணிலேயே விழும், எரு சுமக்கிற கூலி மிச்சம். ஓர் இரவுக்கு இவ்வளவு என்று காசு, காசு இல்லாதவர் நெல். எழுதப் படிக்கத் தெரியாத அப்பம்மா, யார் தோட்டத்தில் எத்தனை இரவு என்று குசினிச் சுவரில் கரியால் கோடு இழுத்து வைத்திருப்பா. ஆளுக்கு ஒரு மாதிரிக் கோடு. குட்டி குறுக்கே கிடந்தால் தேங்காயெண்ணெய் பூசிய கையை உள்ளே விட்டுத் திருப்பி எடுப்பா. பக்கத்து ஊரில் இருந்தும் இரவில் வந்து கூப்பிடுவார்கள். கோடையில் வயல் காய்ந்தால் பூவரசங் குழையும் கிளுவங் குழையும் வெட்டிக் கட்டித் தூக்குவா. என் அப்பா படித்ததே அந்தப் பட்டிக் காசில்தான்.

அவவின் கல்வெட்டை ஒரு புலவரைப் பிடித்துத்தான் எழுதுவித்தார்கள். கற்பில் அருந்ததி, பொறுமையில் பூமாதேவி என்று பாட்டு. ஆடு ஒன்றுகூட இல்லை. நான் அப்போது மீசை அரும்பிய வயது, ஆடு வளர்த்ததைப் பற்றி இரண்டு வரி எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடும்பத்துப் பெரியவர் ஒருவர் பேனையால் வெட்டிவிட்டார். “மந்தை மேய்த்த குடும்பம் என்று நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவன் சொல்லமாட்டானா?” என்றார். அவர் வெள்ளை வேட்டியும் அந்த ஆட்டுக் காசில் வாங்கியதுதான். சாதிக் கணக்கும் சீதனக் கணக்கும் பார்க்கிற ஊரில் வம்சாவளி எழுதுவது எதற்கு என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. தெரிந்ததை எழுதிவைக்க ஒரு பக்கம், தெரியக்கூடாததை மறைக்கப் பத்துப் பக்கம்.

அதனால்தான் உங்கள் மேல் கோபம் வருகிறது. ஐந்து மறி வாங்கிக் கொட்டில் போட்டு, அதிகாலையில் எழும்பிக் குட்டிக்குப் பால் கொடுக்கிற மனிதர் நீங்கள். மரம் வரைய உட்கார்ந்ததும் உங்களுக்கும் அரசன்தான் வேண்டியிருக்கிறது. கடிதத்தை மறுபடி பார்த்தேன். உங்கள் அப்பா சொன்னது இருக்கிறது. அவர் என்ன தொழில் செய்தார், எதில் கைதேர்ந்தவர், சாப்பாட்டில் எதற்குக் குறை சொல்வார், ஒன்றுமே இல்லை. அம்மாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. திவசத்துக்கு வந்து சோறு தின்றுவிட்டு அந்தப் புத்தகத்தை வாங்கிப்போகிற பேரப்பிள்ளைகள் ஆரியச் சக்கரவர்த்தியை வைத்து என்ன செய்வார்கள்?

பெயர்கள் எங்கே என்று கேட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயர்தான் முன்னால் வரும், தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே போகும். ஆகவே ஆளைத் தேடாமல் காணியைத் தேடுங்கள். வீட்டில் இருக்கும் பழைய உறுதிகளை, அதாவது காணிப் பத்திரங்களை எடுங்கள். யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்குப் போவதால், கல்வெட்டு விட்டுவிட்ட பெண்களின் பெயர்கள் உறுதியில் இருக்கும். ஒல்லாந்தர் அந்த வழமையை 1707இல் எழுதிவைத்தார்கள், வழமை அதற்கும் பழையது. குடும்பத்தில் யாராவது மிஷன் சபையில் சேர்ந்திருந்தால் தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவைக் கேட்டுப் பாருங்கள். உறுதிகள் போரால் வந்த 1995 இடப்பெயர்வில் போயிருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க முயலலாம். இவ்வளவும் செய்தால் இன்னும் மூன்று நாலு தலைமுறை கிடைக்கலாம். அதற்கு மேலே வெறுமையாகவே விடுங்கள். மரத்துக்கு உச்சி தெரிய வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

மிச்ச இடத்தில், ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு வரி. இவர் கிணறு வெட்டுவதில் சூரன். இவ இழைத்த கடகத்தில் தண்ணீர்கூட நிற்கும். இவர் சீட்டாடியே ஒரு பனங்காணியைத் தொலைத்தவர். அதையும் எழுதுங்கள். தெரியாவிட்டால் ஊரில் இருக்கிற வயதான மாமிமாரைப் பிடியுங்கள். மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலுக்குப் பங்குனித் திங்களுக்குப் போகிறவர்களாயிருந்தால் ஒரு திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள். பொங்கிப் படைத்துவிட்டு மரத்தடியில் இருக்கும்போது தானாகக் கதை வரும். போனில் பதிவு செய்யுங்கள், நடுவில் திருத்தாதீர்கள்.

வைகாசிக்குள் முடியாவிட்டால் அடுத்த திவசத்துக்கு அடியுங்கள், அப்பா கோபிக்கமாட்டார். அடித்ததும் ஒரு பிரதியை நூலக நிறுவனத்தாரிடம் கொடுங்கள், மின்வடிவாக்கி இணையத்தில் போடுவார்கள். 2005இல் இருந்து இந்த வேலையைச் செய்கிறார்கள், அங்கே நினைவு மலர்களும் நிறைய இருக்கின்றன. எனக்கும் ஒன்று தபாலில் அனுப்புங்கள்.