கழிவுநீர் அடைப்பு எடுக்க 4,500 ரூபாய் கேட்கிறார்கள். நியாயமான விலைதானா?

கேள்வியைப் பார்த்ததும் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது, கொஞ்சம் நீளும்.

தனி வீடு, கீழே நீங்கள், மாடியில் குடித்தனம், பாத்ரூமில் தண்ணீர் எதிர்த்து வருகிறது என்று வைத்துக்கொள்கிறேன். 4,500 அதிகமா என்பது அடைப்பு எங்கே என்பதைப் பொறுத்தது. ஆள் வருமுன் சேம்பர் (கழிவுக் குழாய்கள் வந்து சேரும் சின்னத் தொட்டி) மூடிகளை வரிசையாகத் திறந்து பாருங்கள். நிரம்பி நிற்கும் சேம்பருக்கும் அடுத்துக் காலியாக இருக்கும் சேம்பருக்கும் நடுவில்தான் வில்லங்கம். எல்லாமே நிரம்பியிருந்தால் செப்டிக் டேங்க், இல்லாவிட்டால் அதற்குப் போகும் கடைசிக் குழாய். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. 7,850 ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

2022 டிசம்பர், சென்னை மடிப்பாக்கம். மாடியில் வாஷிங் மெஷின் தண்ணீர் விட்டால் எங்கள் பாத்ரூம் தரைச் சல்லடை வழியே கறுப்பாக நுரைத்துக்கொண்டு மேலே வரும். முதலில் வந்த பிளம்பர் மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்தி 800 வாங்கினார். இரண்டு நாள் ஓடியது. அடுத்தவர் ஆசிட் ஊற்றினார், 1,200. அடைப்பு அப்படியே இருந்தது, டைல்ஸ் பாலிஷ்தான் போனது.

மூன்றாவதாக வந்தவர் டேங்க் மூடியைத் தூக்கிப் பார்த்தார். "ரொம்பிடுச்சு சார். உறிஞ்சுற லாரின்னா ரெண்டாயிரத்துக்கு மேல கேப்பான். எழுநூறு குடுங்க, நானே எறங்கி அள்ளிடறேன்."

நான் சரி என்றேன். ஆமாம், சொன்னேன். கமெண்டில் வந்து திட்டுபவர்கள் திட்டிக்கொள்ளுங்கள். பேங்கில் வேலை பார்க்கிறவன், பேப்பர் படிக்கிறவன், ஆனாலும் அந்த நிமிஷம் மண்டைக்குள் ஓடியது 1,300-க்கு மேல் மிச்சம் என்கிற கணக்கு மட்டும்தான். அவர் சட்டையைக் கழற்றி மடித்து கேட் மேல் வைத்துவிட்டு, உடம்பில் தடவக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கேட்டார். எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த என் மனைவி, "இது எதுக்கு?" என்றாள். விஷயம் தெரிந்ததும் கிண்ணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு, "அண்ணே, நீங்க சட்டையைப் போடுங்க" என்றாள். என்னிடம் அன்று ராத்திரி வரை பேசவில்லை.

டேங்குக்குள் தேங்கும் வாயு ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்குகிறவரும் சேர்ந்து போவதைப் பேப்பரில் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம். கையால் மலம் அள்ள வைப்பதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கினால், இறக்கச் சொன்ன வீட்டுக்காரருக்கும் முதல் தடவையே 2 வருடம் வரை ஜெயில், அல்லது 2 லட்சம் வரை அபராதம், சில சமயம் இரண்டும். உங்களிடம் 4,500 கேட்பவர் ஆளை இறக்குவதாகச் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த அந்த மூன்றாவது ஆள் கிளம்பும்போது, வந்ததற்கு நூறு கேட்டார். ஐம்பது கொடுத்தேன்.

பிறகு லாரி வந்தது, 2,300. ஒன்பது வருடமாக எடுக்காத டேங்க். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டுமாம். டேங்க் காலியான பிறகும் சேம்பர் தண்ணீர் அசையவில்லை. கடைசியில் மோட்டார் ஸ்பிரிங் மெஷின்காரர் வந்து, கடைசிக் குழாயிலிருந்து வேப்ப மர வேரை சடை மாதிரி முழ நீளத்துக்கு உருவி எடுத்தார். 3,500. முதலிலேயே மூடிகளைத் திறந்து பார்த்து இவரைக் கூப்பிட்டிருந்தால் 2,000 தண்டம் அழுதிருக்க மாட்டேன். இதெல்லாம் எங்கள் ஏரியா ரேட். உங்கள் ஊரில் வேறாக இருக்கும், அதற்கு என்னோடு சண்டைக்கு வராதீர்கள்.

தெருவில் பாதாள சாக்கடை இருந்து, அடைப்பு மெயின் லைனில் என்றால் அது, சென்னையில், குடிநீர் வாரியத்தின் வேலை. புகார் கொடுங்கள், தனியாருக்குப் பணம் அழாதீர்கள்.

இதில் இன்னொரு கொடுமை, ரோடு. வீடு கட்டியபோது வாசலுக்கு மூன்று படி ஏறிப் போனோம். இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போடச் சொல்லி 2021-லேயே தலைமைச் செயலர் உத்தரவு போட்டார். எங்கள் தெருவில் அதற்குப் பிறகும் இரவோடு இரவாக மேலேயே போட்டுவிட்டுப் போனார்கள். மழை பெய்தால் தெருத் தண்ணீர் சேம்பருக்குள் இறங்குகிறது. இதற்கு எந்த மெஷின் வைத்து எடுப்பது?

வேப்ப மரத்தை வெட்ட மனைவி விடவில்லை. ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை அதே மெஷின்காரர்தான் வருகிறார். போன தடவை 3,800 கேட்டார், பேரம் பேசாமல் கொடுத்தேன்.